நாள்பட்ட வலியோடு வருபவருக்கு எப்படி உதவுவது: புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு

பிசியோதெரபி முடித்துவிட்டு இப்போதுதான் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறீர்களா? செவிலியராகவோ பொது மருத்துவராகவோ, வலியோடு வருபவர்களை முதல்முறையாகத் தனியாகக் கவனிக்கப் போகிறீர்களா? இது உங்களுக்காக எழுதியது. சுளுக்கு, எலும்பு முறிவு என்றால் படித்தது நேராகக் கைகொடுக்கும். மூன்று மாதத்தைத் தாண்டியும் விடாத வலி, போய்ப் போய்த் திரும்புகிற வலி என்று ஒருவர் வந்து உட்காரும்போதுதான் கை தடுமாறும். கனமான ஃபைல், நாலைந்து ஸ்கேன், ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விளக்கம் கேட்டுக் கேட்டு வந்த அலுப்பு, ‘இவராவது நம்புவாரா’ என்று நம்மை அளக்கிற பார்வை. இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் அவர் வருகிறார்.

தன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அவர் மனதில் ஒரு கதை இருக்கும். அந்தக் கதை மாறாதவரை எந்தப் பயிற்சியும், எந்த மாத்திரையும் பாதி வேலைதான் செய்யும். நாம் பிரசங்கம் செய்தால் அது மாறாது. அவருடைய சொந்த அனுபவத்தை எடுத்து அவர் முன்னாலேயே வைத்தால் மாறும். இனி சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அதற்கான வழிதான்.

முதலில் ஆபத்தைத் தேடுங்கள்

வருடக்கணக்கான வலி என்பதற்காகப் பரிசோதனையைத் தள்ளிவிடக் கூடாது. பழைய வலிக்காரருக்கும் புதிய நோய் வரும். முதுகு வலியோடு வந்தவரிடம் இவற்றைக் கேட்டே ஆக வேண்டும்: சிறுநீர் போக முடியாமல் அடைத்துக்கொள்கிறதா, தெரியாமலே போய்விடுகிறதா, மலம் அடக்க முடியவில்லையா, ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போயிருக்கிறதா, இரண்டு கால்களும் பலம் குறைகின்றனவா? நீங்கள் கேட்காவிட்டால் பெரும்பாலானவர்கள் கூச்சத்தில் சொல்லவே மாட்டார்கள். இதில் ஒன்று புதிதாக இருந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, சமீபத்தில் கீழே விழுந்தது, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பது, எப்படிப் படுத்தாலும் குறையாத இரவு வலி ஆகியவற்றையும் விசாரியுங்கள். மூட்டு வீங்கி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் மூட்டழற்சி நோயா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

பரிசோதித்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். “கால்ல பலம் நல்லா இருக்கு. தொட்டா தெரியுது. ரிஃப்ளெக்ஸ் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வருது. நரம்பு அழுத்தப்படுற அறிகுறி எதுவும் இப்போ இல்ல.” ‘ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க’ என்று மொட்டையாகச் சொல்வதைவிட இந்த நாலு வரி பல மடங்கு தைரியம் கொடுக்கும். எதைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறோம் என்பது அவருக்கு இப்போது தெரியும்.

அப்புறம் கேளுங்கள்

“ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க” என்று தொடங்கிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் குறுக்கிடாமல் இருந்தாலே பாதி விஷயம் வந்துவிடும். பிறகு இந்தக் கேள்விகள்:

“இந்த வலி ஏன் வருதுன்னு நீங்க நினைக்கிறீங்க?”

“இதுவரைக்கும் யாராவது சொன்னதுல மனசை விட்டுப் போகாம இருக்கறது எது?”

“இந்த வலியால எதையெல்லாம் விட்டுட்டீங்க?”

இரண்டாவது கேள்விக்கு வருகிற பதிலைக் கவனித்துக் கேளுங்கள். “ஜவ்வு விலகிடுச்சுன்னாங்க. குனிஞ்சா நரம்பு அறுந்து கால் விழுந்துடும்னு பயமா இருக்கு.” “எலும்போட எலும்பு உரசுது, நடக்க நடக்கத் தேயும்னு சொன்னாங்க.” இதை அவர் சொன்ன வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நீங்கள் கொடுக்கப்போகிற விளக்கம் இந்தப் பயத்தைத் தொடாவிட்டால் வீண்.

அவரை நம்புகிறீர்கள் என்று நேரடியாகச் சொல்லுங்கள்: “உங்க வலி உண்மையான வலி.” இது ஆறுதல் வார்த்தை மட்டும் இல்லை. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1979இல் தந்த வரையறையை 2020இல் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொல்வதை மதிக்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்தே எழுதியது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், அதாவது ஐசிடி-11இல், நாள்பட்ட வலிக்குத் தனி இடமே இருக்கிறது. வேறொரு நோயின் அடையாளமாக இல்லாமல், வலியே நோயாக இருக்கும் நிலையையும் அது ஏற்றுக்கொள்கிறது. இத்தனை நாள் ‘நடிக்கிறார்’ என்று பெயர் வாங்கியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும்.

‘எல்லாம் மனசுதான்’, ‘ஸ்கேன்ல ஒண்ணுமில்லையே, அப்புறம் ஏன் வலிக்குது?’ என்ற இரண்டும் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

விளக்கம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

வலி வருகிற வழிகளை மூன்றாகப் பிரித்து வைத்துக்கொண்டால் உங்களுக்கே தெளிவு கிடைக்கும். தசை, மூட்டு, எலும்பு போன்ற திசுக்கள் புண்பட்டு அல்லது வீங்கி வரும் வலி ஒன்று. நரம்பே பாதிக்கப்பட்டு வரும் வலி இன்னொன்று. சர்க்கரை நோயில் பாதம் எரிவது, அக்கி வந்து போன பிறகும் அந்த இடம் சுரீர் என்று இழுப்பது இந்த வகை. மூன்றாவதில் திசுவிலோ நரம்பிலோ பெரிய சேதம் தெரியாது, ஆனால் வலியை உணர்த்துகிற அமைப்பே கூர்மையாகிவிட்டிருக்கும். உடம்பு முழுக்கப் பரவலாக வலிக்கிற ஃபைப்ரோமயால்ஜியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று வகையும் கலந்திருப்பது சாதாரணம். அதனால் ‘இது இந்த வகைதான்’ என்று முத்திரை குத்த அவசரப்பட வேண்டாம்.

அந்தக் கூர்மையாகும் நிலை எப்படி வருகிறது? வலிச் செய்திகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் தண்டுவடத்தில் அவற்றை வாங்குகிற நரம்பணுக்கள் எளிதில் கிளர்ந்தெழத் தொடங்குகின்றன. 1983இல் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபர்ட் வூல்ஃப் இந்த மாற்றத்தை ஆய்வுக்கூடத்தில் காட்டினார். வலியைத் தணிக்க மூளையிலிருந்து கீழே இறங்கும் கட்டளைகளும் சிலருக்குப் பலம் குறைந்துபோகின்றன. முடிவில், முன்பு வலிக்காத தொடுதல் வலிக்கிறது, கொஞ்சமாக வலித்தது கடுமையாக வலிக்கிறது, ஒரு இடத்து வலி பக்கத்துக்கும் பரவுகிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்போமே, அதுபோல நரம்பு மண்டலம் வலியை உண்டாக்கித் தேர்ந்துவிடுகிறது. இதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: இது அவர் வேண்டுமென்று பழகியதில்லை, அவர் மீது தப்பும் இல்லை. கூர்மையானது மெல்ல மெல்லத் தணியவும் முடியும்.

இவ்வளவும் உங்களுக்கான பின்னணி. நோயாளியிடம் இப்படியே ஒப்பித்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், மனதில் ஒன்றும் மாறியிருக்காது. அவர் சொன்னதிலிருந்தே தொடங்குங்கள்.

“நேத்து கல்யாண வீட்ல மூணு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், வலி அவ்வளவா தெரியலன்னு சொன்னீங்கல்ல?”

“ஆமா மேடம், சொந்தக்காரங்க எல்லாம் வந்திருந்தாங்க, பேசிட்டே இருந்தேன்.”

“இன்னைக்குக் காலையில?”

“எந்திரிக்கவே முடியல. ராத்திரி தூக்கமும் இல்ல.”

“சரி. நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல உங்க டிஸ்க், அதான் அந்த ஜவ்வு, மாறியிருக்கும்னு நினைக்கிறீங்களா?”

இங்கே நிறுத்துங்கள். அவர் யோசிக்கட்டும். “இல்லல்ல... அது அப்படியேதானே இருக்கும்” என்று அவர் வாயால் வருகிற அந்த வரி, நீங்கள் அரை மணி நேரம் பேசினாலும் கிடைக்காதது. அப்புறம் தூக்கம், கவலை, கவனம், களைப்பு, பயம் ஆகியவையும் வலியைக் கூட்டும் குறைக்கும் என்பதை அவரே இழை இழையாகக் கோத்துக்கொள்வார். டிஸ்க் அப்படியே இருக்கும்போது வலி ஏறி இறங்குகிறது என்றால், டிஸ்கைத் தொடாமலே வலியைக் குறைக்க வழி உண்டு என்பது அதிலேயே இருக்கிறது.

ஸ்கேன் அறிக்கை தனியாக உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். அதிலுள்ள வார்த்தைகள் பலரை வலியைவிட அதிகமாக முடக்கிவிடுகின்றன. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் முதுகு ஸ்கேன்களைத் தொகுத்த ஒரு ஆய்வு 2015இல் வந்தது. எந்த வலியும் இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது, 80 வயதில் அது 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். “உங்க ஸ்கேன்ல இருக்கறது உங்க வயசுல வலியே இல்லாத நிறையப் பேருக்கும் இருக்கு” என்று சொல்லலாம். ‘அதனால ஸ்கேன் சும்மா’ என்று அடுத்த எல்லைக்குப் போய்விடாதீர்கள். வாத மூட்டழற்சி, எலும்பு முறிவு, நரம்பு உண்மையாகவே அழுத்தப்படுவது போன்றவற்றில் உடம்பில் நடப்பது முக்கியமானது, அதற்கான வைத்தியம் தொடர வேண்டும்.

விளக்கியதும் சோதியுங்கள், ஆனால் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். “வீட்ல போனதும் என்ன சொன்னாங்கன்னு கேட்பாங்களே, என்ன சொல்வீங்க?” என்று கேளுங்கள். “எனக்கு மூளையிலதான் கோளாறுன்னு சொன்னாங்கம்பேன்” என்று பதில் வந்தால் விளக்கம் தடம் புரண்டுவிட்டது. கோபித்துக்கொள்ளாமல் வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டியதும் இல்லை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போதும். விளக்கம் மட்டும் கொடுத்தால் பலன் சிறிதுதான், உடல் இயக்கத்தோடு சேர்த்தால் கூடுகிறது என்பதே ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது. ஆகவே பேச்சோடு நிற்காதீர்கள்.

எதற்காக மெனக்கெடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

‘வலி பூஜ்யம் ஆகணும்’ என்பதை இலக்காக வைத்தால் தினமும் தோல்விதான். வலி கொஞ்சம் இருந்தாலும் திரும்பப் பெற வேண்டிய ஒரு காரியத்தைக் கேளுங்கள். பேத்தியோடு தரையில் உட்கார்ந்து விளையாட வேண்டும், பேருந்தில் நின்று வேலைக்குப் போக வேண்டும் என்பது போல, கண்ணால் பார்க்கக் கூடியதாக இருக்கட்டும்.

அளக்க மூன்று கேள்வி போதும். போன ஒரு வாரத்தில் சராசரியாக வலி எவ்வளவு, வாழ்க்கையை அனுபவிப்பதை வலி எவ்வளவு கெடுத்தது, அன்றாட வேலைகளை எவ்வளவு கெடுத்தது? மூன்றுக்கும் 0 முதல் 10 வரை எண், மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்க வேண்டும். பெக் அளவுகோல் என்று இதற்குப் பெயர். தொடங்கிய எண்ணிலிருந்து 30 சதவீதம் குறைந்தால் அது குறிப்பிடத்தக்க முன்னேற்றம். வலி எண் அசையாமல் மற்ற இரண்டும் இறங்குவது அடிக்கடி நடக்கும், அதை நோயாளிக்குக் காட்டுங்கள். அவராகக் கவனிக்க மாட்டார்.

அளவு வைத்துத் தொடங்குவது

வலி குறைந்த நாளில் தேங்கிய வேலை அத்தனையையும் இழுத்துப் போட்டுச் செய்வது, மறுநாள் படுத்த படுக்கையாவது, மூன்று நாள் கழித்து மறுபடி அதே கதை. இந்தச் சுழலில் இல்லாத நாள்பட்ட வலிக்காரரைப் பார்ப்பது அரிது. வெளியே வர, ‘வலி வந்தால் நிறுத்து’ என்பதை விட்டு ‘நேரம் வந்தால் நிறுத்து’ என்று மாற வேண்டும்.

சமையலறையில் நிற்கவே முடியவில்லை என்கிற ஒரு அம்மாவை எடுத்துக்கொள்வோம். வலி கிளர்ந்தெழாமல் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று சில நாள் குறித்துவரச் சொல்கிறீர்கள். நல்ல நாளில் 30 நிமிடம், சுமாரான நாளில் 20, மோசமான நாளில் 10 என்று கொண்டுவருகிறார். சராசரி 20. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 16, கணக்குக்குச் சுலபமாக 15 என்று வைத்துக்கொள்ளலாம். இனி அவர் 15 நிமிடம் நிற்பார், மணி அடித்ததும் உட்காருவார், கொஞ்சம் இளைப்பாறி மறுபடி 15. வலியே இல்லாத நாளிலும் 15தான், வலி கூடிய நாளிலும் முடிந்தவரை 15தான். ஒரு வாரம் இது தாங்கினால் 16, 17 என்று ஏறலாம்.

நல்ல நாளில் நிறுத்துவதுதான் கஷ்டம். “நல்லாத்தானே இருக்கேன், இன்னும் ரெண்டு வேலை முடிச்சுடறேனே” என்பார். அந்த இடத்தில் உறுதியாக நில்லுங்கள், ஏனென்றால் மொத்தத் திட்டமும் அந்த நாளில்தான் உடையும். அடுத்த முறை வரும்போது மோசமான நாளைப் பற்றி விசாரிக்கும் முன் நல்ல நாளில் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

எந்தப் பயிற்சி சிறந்தது என்று கேட்பார்கள். அவர் விடாமல் செய்யக்கூடியதுதான். நாள்பட்ட முதுகு வலியில் ஒரு வகைப் பயிற்சி மற்றதையெல்லாம் தெளிவாக வென்றுவிட்டதாகச் சொல்ல முடியாது. நடை எளிது, செலவில்லாதது. முதுகு வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடத்தி 2024இல் வெளியான ஒரு சோதனையில், படிப்படியாகக் கூட்டிய நடையும் ஆலோசனையும் பெற்றவர்களுக்கு வலி திரும்ப இடைநிலைக் கணக்கில், அதாவது பாதிப் பேருக்குத் திரும்பிய நாளை வைத்துப் பார்த்தால், 208 நாள் ஆனது, பெறாதவர்களுக்கு 112 நாள். பயிற்சியின்போது வலி லேசாகக் கூடி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. வரவில்லை என்றால் அளவைக் குறையுங்கள், பயிற்சியைக் கைவிட வேண்டாம். இடுப்புப் பட்டை, முதுகை இழுத்துக் கொடுக்கும் இழுவைச் சிகிச்சை இரண்டையும் சாதாரணமான நாள்பட்ட முதுகு வலிக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. நோயாளி பட்டையோடு வந்தால் பிடுங்கிவிடாதீர்கள், நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

வலி எகிறும் நாளுக்கு முன்பே எழுதி வையுங்கள்

எவ்வளவு நன்றாகப் போனாலும் வலி ஒரு நாள் எகிறும். ‘எல்லாம் வீணாப்போச்சு’ என்று நோயாளி நினைப்பது அன்றைக்குத்தான். அதனால் வலி அடங்கியிருக்கும்போதே இருவரும் உட்கார்ந்து அவர் கையாலேயே ஒரு தாள் எழுதுங்கள். ‘இது முன்பும் வந்தது, அடங்கியது. புதிதாக எதுவும் அறுந்துவிடவில்லை’ என்பது முதல் வரி. கீழே அவருக்கு உதவுகிறவை: வெந்நீர் ஒத்தடம், பத்து நிமிடம் மூச்சை மெதுவாக வெளிவிடுவது, அன்றைய அளவைப் பாதியாக்குவது, படுத்தே கிடக்காமல் மணிக்கொரு முறை எழுந்து நடப்பது, போன் செய்து பேச ஒருவர். கடைசியில், எந்த அறிகுறி வந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பது. தாளை மடித்து ஃபைலில் வைக்கக் கூடாது, கண்ணில் படும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.

தூக்கம், மனம், வீடு

தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், வலி கூடினால் தூக்கம் கெடும். எழுகிற நேரத்தைத் தினமும் ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள், முதல் படியாக இது போதும். தூக்கமின்மை தொடர்ந்தால் அதற்கென்றே, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை இருக்கிறது, அனுப்பி வையுங்கள்.

மனச்சோர்வைப் பற்றி நேராகக் கேளுங்கள். “இப்படி வலியோட இருக்கறதுக்கு உயிரோட இல்லாம இருக்கலாம்னு தோணியிருக்கா?” என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிட மாட்டோம். பதில் ஆமாம் என்றால் அன்றே மனநல உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள், அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களில் இரண்டு விதம். ஒருவர் நம்ப மாட்டார், இன்னொருவர் ஒரு துரும்பைக்கூட எடுக்க விடமாட்டார். இரண்டாமவரும் அன்பால் முடக்குகிறார். ஒரு முறையாவது அவரையும் அழைத்துப் பேசுங்கள். அந்த 15 நிமிடக் கணக்கை வீட்டார் புரிந்துகொண்டால்தான் நோயாளி பாதி வேலையில் உட்காரும்போது யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மாத்திரை விஷயம்

மருந்து எழுதும் உரிமை உங்களுக்கு இல்லாவிட்டாலும் என்னென்ன விழுங்குகிறார் என்று கேட்டே தீர வேண்டும், கடையில் தானாக வாங்கியதையும் சேர்த்து. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் மாதக்கணக்கில் போனால் வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றுக்கும் ஆபத்து. தலைவலிக்காரர் பாராசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளுக்கு மேல் மூன்று மாதத்தைத் தாண்டி எடுத்துவந்தால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்.

நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், கபாபென்டின், பிரகபாலின் ஆகியவை முதல் வரிசை மருந்துகள். முதல் இரண்டும் மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுபவை. இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு ‘எனக்குப் பைத்தியம்னு நினைச்சுட்டாங்க’ என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். வலியைத் தணிக்கும் நரம்புவழிகளில் இவை வேலை செய்வதால்தான் கொடுக்கிறோம் என்று முன்கூட்டியே சொன்னால் இது நேராது. ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து), பிரகபாலின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தக் கூடாது, மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அடுத்தடுத்த சந்திப்புகள்

முதல் மாதத்தில் வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ பாருங்கள், பிறகு இடைவெளியைக் கூட்டுங்கள். வந்ததும் ‘வலி எப்படி இருக்கு?’ என்று தொடங்காமல் “இந்த வாரம் என்ன செஞ்சீங்க?” என்று தொடங்குங்கள். அளவைக் கூட்ட வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். நீங்கள் ஒத்துக்கொண்டால் போதும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் பெக் எண்ணும் அசையவில்லை, இலக்கும் நெருங்கவில்லை என்றால் வலி சிறப்பு மையத்துக்கு அனுப்பலாம். ‘எங்களால முடியல, அங்க போங்க’ என்று நோயாளியின் காதில் விழும்படி செய்யாதீர்கள். “அங்கே மருத்துவர், மனநல நிபுணர், பிசியோ மூணு பேரும் சேர்ந்து பார்ப்பாங்க, நான் இதுவரை பார்த்ததை அவங்களுக்கு எழுதித் தர்றேன்” என்று சொல்லுங்கள். கடிதத்தில் ஸ்கேன் முடிவோடு நிறுத்திக்கொள்ளாமல், நோயாளிக்கு எதைப் பற்றிப் பயம், எந்த விளக்கம் அவருக்குப் பிடிபட்டது, எந்த அளவில் தொடங்கி எங்கே நிற்கிறார், எந்தக் காரியத்தைத் திரும்பச் செய்ய ஆசைப்படுகிறார் என்பதையும் எழுதுங்கள். அனுப்பும் முன் அதை அவருக்கே ஒரு முறை படித்துக் காட்டி, தப்பாக இருப்பதைத் திருத்தச் சொல்லுங்கள்.